மனசுக்கு ஒரு ஃபைல், உடம்புக்கு ஒரு ஃபைல்

(கிழக்குத் தாம்பரத்தில் நடந்த மூத்த குடிமக்கள் கூட்டமொன்றில் பொதுமருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் ஒரு ரயில் நிலையத்துக்கே நோயை வைத்துத்தான் பெயர் வந்தது. தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவருக்குக் காசம் என்றால் அக்கம்பக்கத்தில் மூச்சுவிட மாட்டார்கள். அந்த வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள யோசிப்பார்கள். இன்றைக்கு அந்தப் பயம் பெருமளவு குறைந்துவிட்டது. ‘ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்’ என்று ஆட்டோக்காரர்கூடச் சொல்கிறார். மனநோய் விஷயத்தில் மட்டும் நாம் இன்னும் 1928இலேயே நிற்கிறோம்.

நான் மனநல மருத்துவர் இல்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், குரோம்பேட்டை என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களின் பிபி, சுகர், மூட்டுவலியைப் பார்க்கிறவன். அதனால்தான் இன்றைய பேச்சுக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். இருமுனை மனநோய் உள்ள ஒருவர் அறுபதைத் தாண்டும்போது அவருடைய சிறுநீரகம், தைராய்டு, இதயம், எலும்பு, நடை இவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் அவர் வீட்டில் உட்கார்ந்து விளக்குவதில்லை.

பைபோலார் என்று டாக்டர்கள் சொல்லும் நோய் இது. சில வாரங்களோ மாதங்களோ மனம் எல்லை மீறிப் பொங்கும். தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிற்காது, ஓய்வூதியப் பணம் ஒரே வாரத்தில் கரையும். பிறகு படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு. நடுவில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எல்லாரையும் போல நன்றாக இருப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். வயதுவந்தவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளாகியிருக்கிறார் என்று அது கணக்கிட்டது. பெரும்பாலானோருக்கு இளவயதில் தொடங்குகிறது. முப்பது நாற்பது வருடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீடு கட்டி, ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, நுரையீரல் தொற்று என்று நம் எல்லாரையும் கொண்டுபோகும் அதே நோய்கள்தான் அவர்களையும் கொண்டுபோகின்றன, சீக்கிரமாகக் கொண்டுபோகின்றன. இவற்றில் கணிசமானவை தடுக்கக்கூடியவை என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஏன் தடுக்க முடியவில்லை? ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பீரோவுக்குள் ஒரு ஃபைல் இருக்கிறது, அது மனநல மருத்துவருடையது. டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபைல், அது பிபி, சுகர் டாக்டருடையது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. என்னிடம் வருகிறவர்கள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபைலை மட்டும்தான் எடுத்துவருகிறார்கள். ‘வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா ஐயா?’ என்று கேட்டால், ‘தூக்கத்துக்கு ஒண்ணு, நரம்புக்கு ஒண்ணு’ என்பார்கள். கூட வந்த மனைவி தலையைக் குனிந்துகொள்வார். மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகக் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். பிறகு அவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்? அந்த ‘நரம்பு மாத்திரை’ பல நேரம் லித்தியம்.

லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாக இருந்தவர். சத்துக்குறைவால் உடம்பு நலியும்போது சக கைதிகளின் மனமும் குலைவதை அங்கே பார்த்தார். மனநோய்க்கும் உடம்பில் வேர் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மெல்போர்ன் திரும்பினார். 1949இல், கட்டுக்கடங்காத எழுச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்து, அவர்கள் தெளிந்ததை எழுதி வெளியிட்டார். அவர்களில் முதல் நோயாளி வருடக்கணக்காக மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். தெளிந்து வீடு திரும்பினார். ஆனால் மறு ஆண்டே, 1950இல், லித்தியம் உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்ததால் இறந்துபோனார். இந்த மருந்தின் வரமும் ஆபத்தும் முதல் மனிதரிடமே தெரிந்துவிட்டன.

அதே 1949இல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. இதயநோயாளிகளுக்கு உப்பு ஆகாது என்பதால் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைக் கடையில் விற்றார்கள். சிலர் இறந்தார்கள், அரசு தடை செய்தது. உப்பைக் குறைத்தவர்களுக்கே அது எமனாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. சோடியத்தையும் லித்தியத்தையும் சிறுநீரகத்தால் சரியாகப் பிரித்தறிய முடியாது. இரட்டைப் பிள்ளைகளில் யார் எவர் என்று குழம்பும் வாத்தியாரைப் போல, ஒன்றைப் பிடித்து நிறுத்தும்போது மற்றதையும் சேர்த்தே நிறுத்திவைக்கிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துக்கொள்ளும். கூடவே லித்தியமும் உள்ளேயே தங்கும். மாத்திரை எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். கத்திரி வெயில். கரண்ட் போன மதியம். எழுபது வயதில் தாகமே சரியாகத் தெரியாது. உடம்பு வறண்ட பிறகும் நாக்கு கேட்காது. போதாததற்கு, வருடக்கணக்காக லித்தியம் சாப்பிட்டவர்களில் பலருக்குச் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைந்திருக்கும். அடிக்கடி போவார்கள், ராத்திரியில் நான்கைந்து முறை எழுந்திருப்பார்கள். சுகர் என்றோ ப்ராஸ்டேட் என்றோ வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று அவரே சாயங்காலத்திலிருந்து தண்ணீரை நிறுத்திவிடுவார். இதுதான் நான் மிகவும் பயப்படும் பழக்கம். உள்ளே போகும் நீர் நின்றுவிட்டது, வெளியே போகும் நீர் நிற்கவில்லை. லித்தியம் ஏறத்தான் செய்யும். ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களுக்கும் இதையே சொல்கிறேன். பெருமாள் கோவித்துக்கொள்ள மாட்டார், தண்ணீர் குடியுங்கள்.

வாந்தி பேதியும் அப்படித்தான். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்குப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லித்தியம் சாப்பிடுகிற பெரியவருக்கு இரண்டு நாள் பேதி ஆனால், அது வயிற்றுப் பிரச்சினையோடு நிற்காது. அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும். லித்தியத்தை அந்த இரண்டு மூன்று நாள் நிறுத்திவைக்கச் சொல்வது பெரும்பாலும் வழக்கம்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். முட்டி வலிக்கிறது என்று கேட்டால் டைக்ளோஃபெனாக், இல்லாவிட்டால் ஐபுப்ரோஃபென், சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் வழியாக லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. பிபி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் இவை எல்லாமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர்மாத்திரையும் கலந்திருக்கிறது. அது இன்னும் வேகமாக ஏற்றும். இவற்றைக் கொடுக்கவே கூடாது என்பதில்லை. கொடுக்கிற டாக்டருக்கு லித்தியம் இருப்பது தெரிந்தால் அம்லோடிபின் போன்ற வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார், அல்லது ரத்தத்தைப் பார்த்து அளவைக் குறைக்கச் சொல்வார். தெரியாவிட்டால்? ‘பிபி ஜாஸ்தியா இருக்கு, உப்பைக் குறைங்க, இந்த மாத்திரையைப் போடுங்க’ என்று நல்ல மனதோடு எழுதிக்கொடுப்பார். அந்தச் சீட்டில் எழுதிய இரண்டுமே லித்தியத்தை ஏற்றும். ஊறுகாய், அப்பளத்தைத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உப்பை மாற்றுவதானால் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, படிப்படியாக மாற்றுங்கள். சிறுநீரைப் பெருக்கும் நெருஞ்சில் கஷாயம் போன்றவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்கள் அங்கேயும் லித்தியம் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

அளவு ஏறினால் எப்படித் தெரியும்? கை நடுக்கம் முதலில். மெல்லிய நடுக்கம் லித்தியம் சாப்பிடுபவர்கள் பலருக்கு எப்போதும் உண்டு. காப்பி டம்ளர் தளும்புகிற அளவுக்குப் பெரிதானால் அது வேறு. கூடவே வாந்தி, பேதி, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, ஆளைத் தெரியாத குழப்பம். இளையவர்களுக்கு ரத்த அளவு மிக அதிகமாகும்போது வரும் இந்த அறிகுறிகள், முதியவருக்கு ஆய்வகச் சீட்டில் ‘நார்மல்’ என்று அச்சிட்ட அளவிலேயே வரலாம். வீட்டில் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? ‘பழைய வியாதி திரும்பிடுச்சு’ என்கிறார்கள். இல்லாவிட்டால் ‘வயசாயிடுச்சு’. சில சமயம் பக்கவாதம் என்று ஸ்கேன் எடுக்கிறார்கள், லித்தியம் அளவு மட்டும் பார்ப்பதில்லை. தாமதமானால் நடையும் பேச்சும் நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.

ஆகவே ரத்தப் பரிசோதனை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை சாப்பிட்டால் காலை ஒன்பது மணிக்கு, அதாவது பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்ட கையோடு போனால் எண் பொய் சொல்லும். இளையவர்களுக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைப்பார்கள். அறுபதுக்கு மேல் 0.4 முதல் 0.8 வரை போதும் என்பது இத்துறை வல்லுநர்களின் பரிந்துரை. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். புது பிபி மாத்திரை தொடங்கினால் உடனே. கூடவே கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். கிரியாட்டினின் விஷயத்தில் ஒன்று: சதை வற்றிய மெலிந்த அம்மாவுக்கு அந்த எண் சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கலாம். வயதைச் சேர்த்துக் கணக்கிடும் ஜி.எஃப்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

தைராய்டு குறைவதால் வரும் சோர்வு, மந்தம், மலச்சிக்கல் எல்லாம் அச்சாக மனச்சோர்வு போலவே இருக்கும். லித்தியத்தால் தைராய்டு குறையும், குறிப்பாகப் பெண்களுக்கு. சோர்வுக்கென்று மாத்திரையை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போகும் முன் ஒரு தைராய்டு பரிசோதனை பாருங்கள்.

லித்தியம் இல்லாதவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். இதே நோய்க்குக் கொடுக்கும் ஓலான்சாபின், க்வெட்டியாபின் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். எழுந்து நிற்கும்போது பிபி திடீரென்று இறங்கும். ராத்திரி பாத்ரூமுக்கு அவசரமாக எழுந்து, மயக்கக் கண்ணோடு, ஈரத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தத்திலேயே எண்ணிப் பாருங்கள். கார்பமசெபின் சோடியத்தை இறக்கும். ‘அப்பாவுக்கு சோடியம் குறைஞ்சுடுச்சாம், ஐசியூல வச்சிருக்காங்க’ என்ற பேச்சு நம் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கமானதுதான். அந்த அப்பாவின் மாத்திரைப் பெட்டியில் கார்பமசெபினும் நீர்மாத்திரையும் சேர்ந்து இருந்தனவா என்று பார்க்க வேண்டும். வால்ப்ரோயேட் கை நடுக்கத்தைக் கொடுக்கும், ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும்.

நம் ஊர் நெஞ்சுநோய் மருத்துவமனைக்குப் பேர்போனது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றான இப்ரோனியசிட் காசநோய்க்கென்று வந்ததுதான். 1952இல் நியூயார்க்கில் காசநோய் மருத்துவமனை ஒன்றில் அதைச் சாப்பிட்டவர்களின் முகம் மலர்ந்ததைக் கண்டுதான் மனநல மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றைய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வேறு மாதிரி. க்வெட்டியாபினைக் கல்லீரலில் மிக வேகமாக அழித்துவிடும். சாப்பிட்ட மாத்திரை உடம்பில் நிற்காது, பழைய நோய் தலைதூக்கும். ஆஸ்துமா, இளைப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எழுச்சி நிலையையே கொண்டுவந்துவிடலாம். காசநோய் மாத்திரையையும் ஸ்டீராய்டையும் மறுக்காதீர்கள். தொடங்கும் நாளிலேயே இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லுங்கள்.

அதுவரை ஒரு குறையும் இல்லாதவர் அறுபத்தைந்து வயதில் முதல்முறையாகத் தூங்காமல், ஓயாமல் பேசி, பணத்தை வாரி இறைத்தால், அதை உடனே மனநோய்க் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பக்கவாதம், தைராய்டு, மூளைத் தேய்வு, ஸ்டீராய்டு, சிறுநீர்த் தொற்று என்று உடம்புக் காரணங்களைத் தேடிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. முப்பது வருட மனநோயாளி ‘நெஞ்சு வலிக்குது’ என்றால் அது அவருடைய பழைய பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிடுகிற வழக்கம் இருக்கிறதே, அதை நான் மன்னிக்க மாட்டேன். அவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஈசிஜி எடுப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும்?

மழைக்காலம் பற்றி. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்களைப் படகில் ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. மாடிக்கு ஓடும்போது பத்திரத்தை எடுத்தோம், நகையை எடுத்தோம். மாத்திரையை எடுத்தோமா? லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்குள் எழுச்சி நிலை திரும்பும் ஆபத்து பெரிது. ஐப்பசி பிறக்கும்போதே இரண்டு வார மாத்திரையும் சீட்டின் நகலும் ஒரு பிளாஸ்டிக் பையில் மாடியில் இருக்கட்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். பீரோ ஃபைலையும் டிவிப் பக்கத்து ஃபைலையும் ஒரே பையில் போடுங்கள். மாத்திரைப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிபி, சுகர் மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். அரசிடம் என் வேண்டுகோளும் இதையொட்டியதுதான். வீட்டு வாசல்வரை வரும் அந்தக் கைகளில் மனநல மாத்திரைக்கும் ஒரு பத்தி கொண்ட அட்டை இருக்க வேண்டும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியவரின் உடம்பை முழுதாகப் பார்ப்பதற்கென்றே அமைந்தது. மனம் குலைந்த நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண் இரவும் பகலும் எடுக்கும். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் சிகிச்சையும் காப்பீடும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. காப்பீட்டுக்காரர் மறுத்தால் அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

சீட்டில் ஓர் அம்மா ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார். ‘அவருக்கு எழுபத்திரண்டு வயசு. முப்பது வருஷமா லித்தியம். நீங்க சொன்னதைக் கேட்டுப் பயமா இருக்கு. நிறுத்திடலாமா?’

நிறுத்தாதீர்கள் அம்மா. முப்பது வருடம் அவரை உங்களோடு வீட்டில் வைத்திருந்த மாத்திரை அது. தற்கொலையைத் தடுப்பதில் அதற்கு இருக்கும் பலம் இந்த நோய்க்கான வேறு மருந்துகளுக்கு அந்த அளவுக்கு நிரூபணமாகவில்லை. பலர் எண்பது வயதுவரை அதோடு நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் நாற்பது வயதில் எழுதிய அதே அளவு எழுபத்திரண்டுக்குப் பொருந்தாது. இந்த வாரமே லித்தியம் அளவு, கிரியாட்டினின், ஜி.எஃப்.ஆர்., சோடியம், தைராய்டு, கால்சியம், சர்க்கரை எல்லாம் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டோடும் பிபி மாத்திரைச் சீட்டோடும் மனநல மருத்துவரிடம் போய், ‘இவருக்கு இந்த அளவு இன்னும் வேணுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். குறைப்பதானால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் வேறு மருந்துக்கு மாற்றுவார். அதுவரை வேளைக்கு மாத்திரை கொடுங்கள். பகல் முழுக்க ஒரு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கையில் கொடுங்கள். இதயத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த டாக்டரை முதலில் கேட்டுவிடுங்கள்.